எத்தனை வண்டி, என்ன லோடு?

நாமக்கல்லில் லாரி சேசிஸ் விற்கிற ஷோரூமுக்குள் ஒருவர் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நாலு வண்டி எடுத்தா என்ன விலை? ஆறு எடுத்தா? எட்டு எடுத்தா?' என்று கேட்கிறார். ஷோரூம்காரர் மரியாதையாக உட்காரவைத்து, டீ வரவழைத்துவிட்டு, திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்பார். 'ஏனுங்கண்ணா, என்ன லோடு அடிக்கப் போறீங்க? எந்த லைனுங்க?' இதற்குப் பதில் வராவிட்டால், வந்தவர் டீ குடிக்கத்தான் வந்தார் என்று முடிவு கட்டிவிடுவார்.

நம் விமானப் படையும் ஏறக்குறைய இப்படித்தான் விலை விசாரித்தது. நடுத்தர அளவில் புதிய சரக்கு விமானம் வாங்குவதற்காக, 2023 தொடக்கத்தில் உலகக் கம்பெனிகளிடம் தகவல் கேட்டார்கள். விமானம் 18 முதல் 30 டன் வரை சுமக்க வேண்டும். 40 விமானம் என்றால் உத்தேசமாக எவ்வளவு ஆகும், 60 என்றால் எவ்வளவு, 80 என்றால் எவ்வளவு என்று மூன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள் என்பது கேள்வி.

மொத்தமாக எடுத்தால் விலை குறையுமா என்று விசாரிப்பதில் தப்பே இல்லை. அதுவும் உள்நாட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்றால், 40-க்காகத் தொழிற்சாலை கட்டுவது வேறு, 80-க்காகக் கட்டுவது வேறு. எல்லாம் சரி. ஆனால் 80 என்பது 40-ஐப் போல இரண்டு மடங்கு. 18 டன் சுமக்கிற விமானமும் 30 டன் சுமக்கிற விமானமும் ஒரே ஜாதி இல்லை. எண்ணிக்கையிலும் இவ்வளவு இடைவெளி, அளவிலும் இவ்வளவு இடைவெளி என்றால், 'என்ன லோடு, எந்த லைன்' என்ற கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லையோ என்று சந்தேகம் வருகிறது. இந்த வாரம் அந்தச் சந்தேகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

*

இதெல்லாம் டில்லி விவகாரம், நமக்கு எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

போர் விமானம் வாங்கினால் டீக்கடை வரை சண்டை நடக்கும். ரஃபேல் என்ற பெயர் தெரியாத ஆள் இல்லை. ஆனால் அரிசியும் மருந்தும் சிப்பாயும் ஏற்றிப் போகிற விமானத்தைப் பற்றிப் பேச நாதி கிடையாது. இத்தனைக்கும், நம் வாழ்க்கையில் எப்போதாவது விமானப் படை எட்டிப் பார்த்தால், அது சரக்கு விமானமாகத்தான் இருக்கும். சுனாமி சமயத்தில் வந்தது அதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கிக் கிடந்தபோது, அரக்கோணம் கடற்படைத் தளம்தான் கை கொடுத்தது.

தமிழர்களுக்கு இன்னொரு ஞாபகமும் இருக்கும். 1987 ஜூன் 4. யாழ்ப்பாணத்தின் மேல் நம் விமானங்கள் பறந்து உணவுப் பொட்டலம் போட்ட 'ஆபரேஷன் பூமாலை'. முதல் நாள் ராமேஸ்வரத்திலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32 விமானங்கள், துணைக்கு மிராஜ் போர் விமானங்களோடு கிளம்பின. உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. போட்ட சரக்கு எவ்வளவு தெரியுமா? 25 டன். இன்றைக்கு சங்ககிரியிலிருந்து கிளம்புகிற 12 சக்கர லாரி ஒன்று, ஏறக்குறைய ஒரே நடையில் கொண்டு போகிற லோடு!

ஆகாய மார்க்கம் என்பது அவ்வளவு காஸ்ட்லி. தரையில் ஒரு லாரி செய்கிற வேலைக்கு வானத்தில் ஐந்து விமானம். அதனால்தான் எத்தனை, எந்த அளவு என்ற கணக்கைத் தரையில் போடுவதைவிட வானத்துக்குக் கூடுதல் கவனமாகப் போட வேண்டியிருக்கிறது. தப்புக் கணக்குக்கு லாரிக்காரர் டியூ கட்ட முடியாமல் திண்டாடுவார். இங்கே திண்டாடப் போவது நம் வரிப் பணமும், பனியில் நிற்கிற சிப்பாயும்.

*

லாரித் தொழிலில் ஊறின நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பாடம் அத்துப்படி. லோடில் மூன்று வகை உண்டு.

முதலாவது, சிமென்ட் மாதிரி. அல்லது சேலம் இரும்பாலையின் எஃகுச் சுருள் மாதிரி. வண்டியில் பாதி இடம் காலியாகவே இருக்கும், ஆனால் எடை எகிறிவிடும். இரண்டாவது, நாமக்கல் முட்டை மாதிரி. எடை கம்மி, ஆனால் வண்டி ரொம்பிவிடும். மூன்றாவது, கேஸ் டேங்கர் மாதிரி. அதில் கேஸைத் தவிர வேறெதையும் ஏற்ற முடியாது. சிமென்ட் கிராக்கி எகிறினாலும் அந்த வண்டி அதற்கு உதவாது.

விமானத்திலும் இதே கதைதான். நம்மிடம் இருக்கிற பெரிய விமானம் அமெரிக்காவின் சி-17. சுமார் 77 டன் சுமக்கும். ஆனால் அதில் பாராசூட் வீரர்களை ஏற்றினால் 102 பேர்தான். ஒரு ஆளுக்கு மூட்டை முடிச்சோடு 150 கிலோ என்று தாராளமாக வைத்தாலும் 15 டன் சொச்சம். இது முட்டை லோடு. அதே விமானத்தில் ஒரு டாங்கியை ஏற்றினால் சிமென்ட் லோடு. வானத்திலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் ஊற்றுகிற ஐஎல்-78 இருக்கிறதே, அது கேஸ் டேங்கர்.

ஆகவே 'மொத்தம் இத்தனை டன் தூக்கும் சக்தி' என்று கூட்டிச் சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கும். 2020-ல் கல்வான் மோதலுக்குப் பிறகு விமானப் படை லடாக்குக்குக் கொண்டு போனவை 68,000-க்கு மேற்பட்ட வீரர்கள், 90-க்குக் கிட்டத்தட்ட டாங்கிகள், 330 வாக்கில் கவச வண்டிகள், மொத்தம் 9,000 டன் என்று பின்னால் செய்தி வந்தது. அபாரமான வேலை, சந்தேகமில்லை. இந்த 9,000 டன்னை ஆறு டன் சுமக்கிற ஏஎன்-32-ல் ஏற்றினால் 1,500 நடை என்று கணக்குப் போட்டுவிடலாம். கணக்கு சரி, காரியம் நடக்காது. ஏனென்றால் 40 டன்னைத் தாண்டுகிற டாங்கியை ஏழு துண்டாக வெட்டி ஏழு நடையில் அனுப்ப முடியாது. உள்ளதிலேயே பெரிய, பிரிக்க முடியாத சாமான் எது? அதுதான் உங்கள் பெரிய வண்டியின் அளவைத் தீர்மானிக்கிறது.

*

அடுத்தது லைன். அதாவது ரோடு.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. கீழே காரவள்ளியில் நின்றுகொண்டு, 'என்னிடம் 16 சக்கர வண்டி இருக்கிறது, மலையில் உள்ளதையெல்லாம் ஒரே நடையில் இறக்கிவிடுவேன்' என்று யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். மலைக்குச் சின்ன வண்டிதான். லாபம் கம்மி, நடை அதிகம், ஆனாலும் சின்ன வண்டிதான்.

நம் ராணுவத்தின் கொல்லிமலை வடக்கே இருக்கிறது. லே விமான தளம் 10,600 அடிக்கு மேல். தௌலத் பேக் ஓல்டி என்கிற தளம் 16,614 அடி. அந்த உயரத்தில் காற்று மெலிசு. இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். வெயில் ஏறினால் இன்னும் மோசம். கீழே 20 டன் தூக்குகிற விமானம் மேலேயிருந்து கிளம்பும்போது அவ்வளவு தூக்காது. கம்பெனி கேட்டலாக்கில் போட்டிருக்கிற டன்னேஜ் சமவெளி டன்னேஜ்.

2013 ஆகஸ்டில் சி-130ஜே விமானத்தை தௌலத் பேக் ஓல்டியில் இறக்கிக் காட்டினார்கள். அதே வருஷம் ஜூனில் உத்தரகாண்ட் வெள்ளத்தில், தராசு என்கிற இடத்தின் குட்டி ஓடுபாதையில் அதே ரக விமானம் இறங்கி, தன் வயிற்றிலிருந்த எரிபொருளை ஹெலிகாப்டர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தது. அங்கே 77 டன் சுமக்கிற சி-17 இருந்து பிரயோஜனமில்லை. பெரிய வண்டி இருக்கிறதே என்று சின்ன வண்டியைக் குறைக்கக் கூடாது. சின்ன வண்டி நிறைய இருக்கிறதே என்று பெரிய வண்டியைத் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டும் வேறு வேறு வேலை.

இப்போது நம் செட்டில் என்னென்ன இருக்கிறது, பாருங்கள். 1984-லிருந்து வந்த ஏஎன்-32, நூறு வாக்கில், சுமார் ஆறே முக்கால் டன். 2023-லிருந்து வர ஆரம்பித்த சி-295, மொத்த ஆர்டர் 56, சுமார் ஒன்பது டன். சி-130ஜே ஒரு டஜன், 20 டன். 1985-லிருந்து வந்த ஐஎல்-76 மொத்தம் 17, 40 டன்னுக்கு மேல். சி-17 பதினொன்று, 77 டன்.

ஒன்பது, இருபது, நாற்பது. இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் ஒரு பள்ளம் தெரிகிறதா? அந்தப் பள்ளத்தில்தான் விஷயமே இருக்கிறது. மலைப் போருக்கென்று டி.ஆர்.டி.ஓ.வும் எல் அண்ட் டி-யும் சேர்ந்து செய்து 2024-ல் காட்டிய 'ஜோராவர்' இலகு டாங்கி 25 டன். 20 டன் விமானத்தில் அது ஏறாது. ஆக, 18 டன் என்று முடிவு செய்தால் இந்த டாங்கி பெரிய விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டும். 30 டன் என்று முடிவு செய்தால் நடுத்தர விமானத்திலேயே போகும், ஆனால் விமானத்தின் விலையும் அளவும் ஏறும். இரண்டில் எது என்பதை விற்கிறவர் சொல்ல முடியாது. வாங்குகிறவர்தான் சொல்ல வேண்டும். '18 முதல் 30' என்று எழுதுவது, இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுகிற நாகரிகமான வழி.

*

சரி, எத்தனை?

பத்து வண்டி வைத்திருக்கிற ஓனரைக் கேளுங்கள். 'பத்துங்க. ரோட்டுல ஏழுங்க' என்பார். ஒன்று பட்டறையில், ஒன்று எஃப்.சி.யில், ஒன்றுக்கு டிரைவர் இல்லை. இது எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான். ஏழு எப்போது ஐந்தாகிறதோ, அப்போதுதான் வயிறு கலங்கும். ஓடாத வண்டிக்கும் டியூ உண்டு, இன்சூரன்ஸ் உண்டு.

விமானப் படையிலும் விரும்பத்தக்க அளவு 70 சதவீதம். 2017-ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 2010 முதல் 2016 வரை ஐஎல்-76 விமானங்களில் பறக்கத் தயாராக இருந்தவை சராசரியாகப் பாதியைக்கூட எட்டவில்லை என்றது.

இதன் அர்த்தத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். தினமும் 20 விமானம் பறந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 சதவீதம் தயார் என்றால் 29 வாங்கினால் போதும். 50 சதவீதம்தான் தயார் என்றால் 40 வாங்க வேண்டும். வித்தியாசம் 11 விமானம்! வேலை அதே வேலை. அந்த 11 விமானத்தின் விலை, ஸ்பேர் பார்ட்ஸ் சரியான நேரத்தில் வராததற்கு நாம் கொடுக்கிற அபராதம்.

56 சி-295 விமானத்துக்கு 2021-ல் போட்ட ஒப்பந்தம் ரூ.21,935 கோடி. வகுத்துப் பாருங்கள், பயிற்சி, உபகரணம் எல்லாம் உட்பட ஒன்றுக்கு ரூ.390 கோடியைத் தாண்டுகிறது. இந்த விலையில் 11 விமானம் என்றால் நாலாயிரம் கோடிக்கு மேல். அந்தப் பணத்தில் எவ்வளவு பெரிய பட்டறை போடலாம்! ஆனால் பட்டறைக்கு ரிப்பன் வெட்டினால் போட்டோ வராது, விமானம் வந்து இறங்கினால் வரும். நம் பத்திரிகைகளும் இதற்கு உடந்தைதான். 'வந்தது ராட்சச விமானம்' என்று முதல் பக்கத்தில் போடுகிறோம். அதில் எத்தனை இன்று கிளம்பும் நிலையில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

ஸ்பேர் விஷயத்தில் இன்னொரு பாடமும் உண்டு. செட்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கம்பெனி வண்டியாக வாங்குவார்கள். ஒரே ஸ்பேர், ஒரே மெக்கானிக், செலவு கம்மி. நாமும் எண்பதுகளில் அப்படித்தான் செய்தோம். ஏஎன்-32, ஐஎல்-76 இரண்டுமே சோவியத் சரக்கு. ஆனால் முதலாவதைச் செய்த தொழிற்சாலை கீவ் நகரத்தில், இரண்டாவதைச் செய்தது தாஷ்கண்டில். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும், ஒரே கடை என்று நினைத்து வாங்கியது உக்ரைன் கடை, உஸ்பெகிஸ்தான் கடை, ரஷ்யக் கடை என்று மூன்றாகிவிட்டது.

அது போதாதென்று, 2009-ல் நூற்றுச் சொச்சம் ஏஎன்-32 விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனோடு சுமார் 40 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டோம். 40 விமானம் அங்கே, மீதி கான்பூரில் என்று திட்டம். 2014-ல் கிரீமியா தகராறு வந்தது. உக்ரைனும் ரஷ்யாவும் முறைத்துக்கொள்ள, கான்பூருக்கு வர வேண்டிய சாமான்கள் இழுபறியாகின. 2022-ல் முழுப் போரே மூண்டுவிட்டது. யாரோ இருவர் சண்டைக்கு நம் பட்டறையில் வேலை நிற்கிறது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கினால் இந்த ஆபத்து. ஆளுக்கொன்றாகப் பத்து இடத்தில் வாங்கினால் பத்து ஸ்பேர், பத்து மெக்கானிக், பத்துப் பயிற்சி. எத்தனை ரகம் வைத்துக்கொள்வது என்பதும் எண்ணிக்கை அளவுக்கு முக்கியமான முடிவு. நம் செட்டில் அது முடிவாக எடுக்கப்பட்ட மாதிரி தெரியவில்லை. அந்தந்தச் சமயத்தில் எது கிடைத்ததோ, அது வந்து சேர்ந்திருக்கிறது.

*

என் பெரிய புகார் காலதாமதத்தைப் பற்றியது.

ஆவ்ரோ என்றொரு விமானம். கான்பூரில் கட்டிய முதல் ஆவ்ரோ பறந்தது 1961-ல். அதற்கு மாற்று வாங்கலாம் என்று 2012-ல் கொள்கை முடிவு. 2013-ல் டெண்டர். ஏர்பஸ்ஸும் டாடாவும் சேர்ந்து ஒரே ஒரு டெண்டர்தான் வந்தது. ஒற்றை டெண்டரை ஏற்கலாமா என்று யோசித்து, 2015-ல் சரி என்றார்கள். ஒப்பந்தக் கையெழுத்து 2021-ல். முதல் விமானம் வந்தது 2023-ல். முடிவெடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பையன் ப்ளஸ் டூவுக்கு வந்துவிட்டான்.

சி-17 கதை வேறு மாதிரி. 2011-ல் பத்து விமானத்துக்கு 410 கோடி டாலர் ஒப்பந்தம். மேற்கொண்டு ஆறு வாங்கிக்கொள்ள வாய்ப்பும் இருந்தது. நாம் யோசித்துக்கொண்டே இருந்தோம். 2015-ல் கம்பெனி அந்த விமானத்தைச் செய்வதையே நிறுத்திவிட்டது. மிச்சம் மீதி இருந்தவற்றை ஆஸ்திரேலியாவும் கத்தாரும் அமீரகமும் வாங்கிக்கொண்டன. கடைசியில் எஞ்சிய ஒன்றே ஒன்று 2019-ல் நமக்கு வந்தது. செய்த சி-17 மொத்தம் 279. இனி எவ்வளவு பணம் கொடுத்தாலும் புதிதாக இன்னொன்று ஷோரூமில் கிடைக்காது. லடாக் நெருக்கடி அதற்கு அடுத்த வருஷமே வந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நடுத்தர விமானத்துக்கும் பழைய கதை உண்டு. 2007-ல் ரஷ்யாவோடு சேர்ந்து நாமே ஒன்று வடிவமைக்கலாம் என்று அரசுகளுக்குள் ஒப்பந்தம். 2010-ல் கூட்டுக் கம்பெனி. இந்தியாவுக்கு 45 விமானம் என்று அப்போது பேசினார்கள். சில வருஷத்தில் திட்டம் கைவிடப்பட்டது. அப்போது 45. பிறகு 40-ஆ, 60-ஆ, 80-ஆ. நடுவில் தேவை எதனால் மாறியது, எல்லை மாறியதா, எதிரி மாறினானா, டாங்கி மாறியதா? பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. ராணுவ ரகசியம் என்பார்கள். எந்தத் தளத்தில் எத்தனை விமானம் நிற்கும் என்பது ரகசியமாக இருக்கட்டும். எந்த அளவுகோலை வைத்து எண்ணுகிறோம் என்பது என்ன ரகசியம்?

அமெரிக்காவில் இந்த அளவுகோலை வெளிப்படையாகப் பேசுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை டன்னை எத்தனை மைல் நகர்த்த வேண்டும் என்று 'டன்-மைல்' கணக்கில் ஆய்வு செய்து, நாடாளுமன்றத்தில் சண்டை போடுகிறார்கள். கனரகச் சரக்கு விமானங்கள் இத்தனைக்குக் குறையக் கூடாது என்று சட்டமே போட்டு வைத்தார்கள். அவர்கள் கணக்கும் புனிதமானதில்லை. சி-17 முதலில் 210 வேண்டும் என்றார்கள், 1990-ல் 120 போதும் என்று வெட்டினார்கள், கடைசியில் 223 வாங்கினார்கள். எண் தப்பாகப் போனது. ஆனால் கணக்கு காகிதத்தில் இருந்ததால், எங்கே தப்பு என்று பார்த்துத் திருத்த முடிந்தது. எழுதாத கணக்கை எப்படித் திருத்துவது?

இன்னொன்றும் அவர்களிடம் உண்டு. நெருக்கடி வந்தால் தனியார் விமானங்களை ராணுவத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு, ஐம்பதுகளிலிருந்தே. நமக்கும் இது புதிதில்லை. 1990-ல் குவைத்திலிருந்து ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாக்கில் கூட்டி வந்ததில் பெரும்பங்கு ஏர் இந்தியா விமானங்களுக்கு. முட்டை லோடை வாடகை வண்டியில் அனுப்பலாம். அப்படி அனுப்ப முடியாத லோடு எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் சொந்த வண்டி வேண்டும். தீபாவளி சீசன் கிராக்கியைப் பார்த்துச் சொந்த வண்டி வாங்கிப் போடுகிறவர் ஆடி மாசத்தில் அழுவார்.

*

2016 ஜூலை 22 அன்று காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு ஒரு ஏஎன்-32 கிளம்பியது. 29 பேர். வழக்கமான நடை. வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளை சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் படம் பிடித்தது. இந்த விபத்தை விமானத்தின் வயதோடு முடிச்சுப் போடுவது நியாயமாகாது. நான் சொல்ல வருவது இதைத்தான்: இந்த விமானங்களில் தினமும் ஆள் ஏறுகிறார்கள். எண்ணிக்கை, ரகம், ஸ்பேர் என்று நாம் பேசுகிற ஒவ்வொரு வரியும் அவர்கள் காலடியில் இருக்கிற தகரம்.

சேலத்துக்கும் இதில் நேரடி சம்பந்தம் உண்டு. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-ல் தொடங்கியபோது, சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலத்தையும் சேர்த்தார்கள். ஒரு சின்னப் பட்டறைக்காரர் விமானப் பாகம் செய்ய மெஷின் வாங்க வேண்டுமென்றால், பேங்க்காரர் கேட்கிற முதல் கேள்வி, 'ஆர்டர் எத்தனை வருஷத்துக்கு?' 40 என்றால் ஒரு மாதிரி கடன், 80 என்றால் வேறு மாதிரி. 'இரண்டில் ஒன்று' என்று சொன்னால் கடனே கிடையாது. மேலே எண் முடிவாகாவிட்டால் கீழே லேத் ஓடாது.

ஆகவே, அடுத்த முறை 'இத்தனை ஆயிரம் கோடியில் இத்தனை விமானம்' என்று தலைப்புச் செய்தி படித்தால், உங்கள் எம்.பி.யிடம் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். இதில் ஏற வேண்டிய ஆகப் பெரிய சாமான் எது? இறங்க வேண்டிய ஆக மோசமான ஓடுபாதை எது? வாங்கியதில் எத்தனை, நாளைக் காலையில் கிளம்பும்? ஸ்பேர் தருகிறவன் நாளைக்குச் சண்டைக்குப் போய்விட்டால் என்ன ஏற்பாடு?

நாலுக்கும் பதில் கிடைத்தால் எண் தானாக வரும். அது 40-ஆக இருந்தாலும் சரி, 80-ஆக இருந்தாலும் சரி, பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கேட்பதற்கு நிபுணராக இருக்க வேண்டியதில்லை. சங்ககிரி புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, காதைத் தீட்டி வைத்துக்கொண்டால் போதும்.